முத்துத்தாயின் நாடி

டாக்டர்களில் கையெழுத்து அழகாக இருப்பவன் அபூர்வம், இன்ஸ்பெக்டர். என்னுடையது முத்து முத்தாக இருக்கும். உங்கள் மேஜையில் கிடக்கும் கேஸ் ஷீட்டையே பாருங்கள். 'நாடி திரும்பியது.' எழுத்துப் பிழை கிடையாது. விஷயம்தான் பொய்.

நோயைச் சொல்லிவிடுகிறேன். பெரிய ரத்தக் குழாய்களின் சுவர் வீங்கி, உள்ளே வழி அடைபடும். பெரும்பாலும் இளம்பெண்களுக்கு வரும். மணிக்கட்டில் நாடியே கிடைக்காது. ஆள் மட்டும் எதிரே உட்கார்ந்து காப்பியில் சர்க்கரை போதாது என்று குறை சொல்வாள். உடம்பு தன்னையே தாக்குகிறது, அதை அடக்க மாத்திரை. 1983இல் எங்கள் ஆஸ்பத்திரியில் ஓர் ஆராய்ச்சி. ஆறு பேருக்கு வெள்ளை மாத்திரை, அதாவது ஸ்டீராய்டு மட்டும். ஆறு பேருக்கு அதோடு அசத்தியோப்ரின் என்ற மஞ்சள் மாத்திரையும். யாருக்கு எது என்பது சீட்டுக் குலுக்கி. நாலு மாதத்தில் நாடி திரும்பாத வெள்ளை மாத்திரைக்காரிக்கு மஞ்சளையும் சேர்க்க வேண்டும் என்பது விதி.

நான் வெள்ளைக் கட்சி. டாக்டர் வீரணன் மஞ்சள் கட்சி.

"மாப்ள, வெள்ளையில ஒருத்தி தேறலைன்னாலும் ஒம் மீசைய எடுத்துரணும்" என்றான், கேன்டீனில் அத்தனை பேர் முன்னால்.

"ஆறும் தேறிட்டா ஒம் மீச" என்றேன்.

ஐந்து பேர் ஒழுங்காகத் தேறினார்கள். ஆறாவது, கோச்சடை முத்துத்தாய். வயது இருபத்துமூன்று, பிடிவாதக்காரி. நாலாம் மாதம் மூன்று விரல் வைத்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை. கட்டைவிரலை வைத்தேன். கட்டைவிரலுக்குச் சொந்தமாகவே ஒரு துடிப்பு உண்டு. அதை வைத்து நாடி பார்க்கக் கூடாது என்று படிக்கும்போதே சொல்லித் தந்துவிடுவார்கள். எழுபத்தெட்டு. என் நாடி எப்போதும் அதுதான். எழுதினேன்.

அவள் புருஷன் சுருளி மாட்டுத் தரகன். துண்டுக்கடியில் விரலைப் பிடித்தே விலை பேசுகிறவன். அவன் கண் என் கைமேலேயே இருந்தது.

"டாக்டரய்யா, அம்புட்டுப் பேருக்கும் மூணு வெரல வைக்கிறீக. இவளுக்கு மட்டும் எதுக்குக் கட்டவெரலு?"

"இது ஸ்பெஷல் டெஸ்ட்டுப்பா."

அவனுக்கு முகமெல்லாம் பல்.

"தல சுத்துறது நிக்கலையேய்யா" என்றாள் முத்துத்தாய்.

"நாடியே வந்துருச்சு. தலைச்சுத்து போகாதா?"

இருவரும் சிரித்தார்கள். அடுத்த வாரம் எனக்கு ஒரு சேவல் வந்தது. குழம்பு நன்றாக இருந்தது.

மஞ்சள் மாத்திரை என் முதுகுக்குப் பின்னால் அலமாரியில்தான் இருந்தது. மேலும் மூன்று மாதம் வந்துபோனாள். ஒவ்வொரு முறையும் கட்டைவிரல், ஒவ்வொரு முறையும் எழுபத்தெட்டு. எட்டாம் மாதம் மூளைக்குப் போகும் குழாய் அடைத்துக்கொண்டது. மஞ்சளைச் சேர்த்திருந்தால் பிழைத்திருப்பாள் என்கிறான் வீரணன். சொல்லத்தான் செய்வான்.

பாடை தூக்கும்போது சுருளி மூங்கிலை இறுகப் பிடித்திருக்கிறான். கட்டைவிரலுக்கடியில் ஏதோ துடித்திருக்கிறது. "மூங்கிலுக்கு ஏதுய்யா நாடி?" என்று நேரே உங்களிடம் வந்து கேட்டானாமே. கெட்டிக்காரன்.

ஆம், தெரிந்தே பொய் எழுதினேன். தெரிந்தே மாத்திரையைக் கொடுக்காமல் விட்டேன். அவள் செத்தது என்னால்தான். மீசைக்காகச் செய்தேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், விஞ்ஞானத்துக்காகச் செய்தேன்.

நாடி திரும்பியது என்று நான் எழுதிய அன்றைக்கே வீரணன் மீசையை எடுத்துவிட்டான். விசாரணைக்கு அவன் வந்தால், மறுபடி வளர்க்கிறானா என்று கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்.