தொட்டிலுக்கு எட்டு மைக்

கணவன்: மறுபடியும் போடு.

மனைவி: எதை?

கணவன்: தொட்டில் மோட்டாரைத்தான்.

மனைவி: போட்டாச்சு. உங்க பொண்ணு மூஞ்சிய சுளிக்கிறா. மடியில இருக்கும்போதே.

கணவன்: ஸ்கிரீன்ல ஒரு ரீங்காரம் காட்டுது... உனக்குக் கேக்குதா?

மனைவி: ...ரீங்காரம் எதுவும் இல்லையே. உங்களுக்கு?

கணவன்: எனக்கும் இல்ல. இந்தப் பதிவுப் பெட்டிக்கு மட்டும் எப்படிக் கேக்குது?

மனைவி: நீங்க செஞ்ச மோட்டார்தானே. அதுகிட்டயே கேளுங்க.

கணவன்: கிண்டல் பண்ணாத. மோட்டார்ல என்ன கோளாறுன்னு நாளைக்குக் கம்பெனியில பதில் சொல்லணும்.

மனைவி: நாளைக்கு டாக்டர்கிட்ட எனக்கும்தான். புள்ள தொட்டில்ல போட்டாலே அழுதுன்னா, தாய்க்கு மனசு சரியில்லன்னு அத்தை முடிவே பண்ணிட்டாங்க. டாக்டர் மாத்திரை குடுப்பாராம். அதைச் சாப்பிட்டா பால் குடுக்கக் கூடாதாம்.

கணவன்: அம்மா ஏதோ பதட்டத்துல...

மனைவி: நீங்களும்தான் தலையாட்டினீங்க.

கணவன்: ...தலைமாட்டு மைக்கை உருவு.

மனைவி: பேச்சை மாத்துறீங்க.

கணவன்: உருவும்மா. அட... ரீங்காரம் கீழ இறங்கிடுச்சு.

மனைவி: அப்ப தலைமாட்டுலதான் இருந்துச்சோ?

கணவன்: அப்படின்னா அடங்கணும். இது இடம் மாறுது. இன்னொண்ணு உருவு... இப்ப மேல ஏறிடுச்சு.

மனைவி: நான் மோட்டாரைத் தொடவே இல்லீங்க.

கணவன்: தெரியுது.

மனைவி: ஒயரை உருவினா மோட்டார் சத்தம் மாறுமா? பேய் புடிச்ச தொட்டிலா?

கணவன்: இரு, இரு... எட்டு மைக் வச்சேன்ல.

மனைவி: எட்டு வச்சா நல்லா கேக்கும்னு நீங்கதான்...

கணவன்: அங்கதான் தப்பு. பெட்டிக்குள்ள காது ஒண்ணுதான். எட்டு மைக்கையும் மாறி மாறி அதே காதாலதான் கேக்குது. நொடிக்கு லட்சம் தடவை கேக்கும்னா, ஒரு மைக்குக்கு அதுல எட்டுல ஒரு பங்குதான்.

மனைவி: இந்த வீட்டுல நான் எல்லாரு பேச்சையும் கேக்குற மாதிரி.

கணவன்: ம்... கீச்சுனு ஒரு சத்தம் வந்தா, அதைப் பிடிக்க அந்த வேகம் பத்தாது. பத்தலன்னு விட்டுட்டாலும் பரவாயில்ல, விடாது. வேற ஏதோ சத்தம்னு எழுதி வச்சுடும்.

மனைவி: புரியல.

கணவன்: வீடியோவுல ஃபேன் பின்னாடி சுத்துற மாதிரி தெரியும்ல?

மனைவி: ஆமா. ஆனா சுத்தாது.

கணவன்: அதேதான். ரீங்காரம்னு ஒண்ணே இல்ல. மைக்கை உருவ உருவ, பங்கு மாறுது, அதான் பொய்யும் மாறுது.

மனைவி: அப்ப நிஜமா இருக்கறது என்ன?

கணவன்: ஒண்ணை மட்டும் விட்டுட்டு மிச்சத்தை உருவு... ம். பதினாலாயிரம். ஊசி மாதிரி நிக்குது.

மனைவி: தமிழ்ல சொல்லுங்க.

கணவன்: ரொம்பக் கூரான விசில். மோட்டாரை நிறுத்து. பதிவானதை ஸ்பீக்கர்ல போடறேன்... வருதா?

மனைவி: ஐயோ, பாப்பா!

கணவன்: ஸ்பீக்கர் வேலை செய்யலையோ? எனக்கு ஒண்ணும் கேக்கலையே. பாப்பா ஏன் அழறா?

மனைவி: நிறுத்துங்க.

கணவன்: ஒரு நிமிஷம், சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி...

மனைவி: நிறுத்துங்கன்னு சொல்றேன்ல.

கணவன்: சரி, சரி... நிறுத்திட்டேன். அழுகையும் நின்னுடுச்சே. அப்ப உன் மனசு காரணம் இல்ல. இந்த விசில்தான். இத்தனை வருஷம் மோட்டார் பக்கத்துலயே நின்னு என் காது போயிடுச்சு போல... நீ ஏன் காதைப் பொத்தியிருக்க?

மனைவி: மெதுவா பேசுங்க, பாப்பா கண்ணை மூடுறா.

கணவன்: நாளைக்கு டாக்டர்கிட்ட போக வேணாம். வரலன்னு சொல்லிடறேன்.

மனைவி: அத்தைதானே டைம் வாங்கினாங்க? அவங்க சொல்லட்டும்.

கணவன்: ...அம்மா இல்ல. நான்தான் வாங்கினேன்.

மனைவி: தெரியும். நீங்க போன்ல பேசினது கேட்டுச்சு. யாருக்குமே கேக்காதது எனக்கு மட்டும் கேக்குதுன்னா அதையும் டாக்டர்கிட்ட சொல்லிடுவீங்கன்னுதான், தொட்டில் வந்த நாள்லேருந்து இந்த விசில் என் காதைக் குடையுதுன்னு உங்ககிட்ட சொல்லவே இல்ல.