மேல்மாடி டிக்கெட்

லண்டனில் நாடகம் பார்க்க ஜனவரியைவிட நல்ல மாதம் கிடையாது. கிறிஸ்துமஸ் கூட்டம் வடிந்திருக்கும், பள்ளிகள் திறந்திருக்கும், மழைக்கும் குளிருக்கும் பயந்து உள்ளூர்க்காரர்களே வீட்டில் முடங்கிக் கிடப்பார்கள். அரங்கைப் பாதி காலியாக வைத்திருக்க மனமில்லாமல் அரங்குக்காரர்கள் டிக்கெட்டை மலிவாகத் தள்ளிவிடுவார்கள். காலையில் கவுண்டர் திறக்கும் முன்பே போய் நிற்கத் தெரிந்தவர்களுக்கு அன்றைய மிச்ச இருக்கைகள் ஒரு வேளைச் சாப்பாட்டுச் செலவில் கிடைத்துவிடும். இந்த ஊரிலேயே வேலை பார்க்கும் உங்களைப் போன்றவர்கள் இதைப் பயன்படுத்திக்கொள்வதே இல்லை என்பது எனக்கு எப்போதும் ஆச்சரியம்தான், சார்ஜென்ட்.

என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இந்த இளம் வக்கீல், எதைக் கேட்டாலும் சொல்வதற்கு ஒன்றுமில்லை என்று சொல்லிவிடுங்கள் என்றார். நல்ல பிள்ளை. ஆனால் எனக்குச் சொல்வதற்கு இருக்கிறது. அதை அரைகுறையாக விட்டால் நீங்களாக எதையாவது போட்டு நிரப்பிக்கொள்வீர்கள்.

க்ளெனிஸும் நானும் வடக்கே ராச்டேல் நகரசபை அலுவலகத்தில் ஒரே அறையில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அவள் ராயைக் கல்யாணம் செய்துகொண்டாள். நான் யாரையும் செய்துகொள்ளவில்லை. ராய்க்கு நாடகம் என்றால் தூக்கம் வரும். அதனால் ஒவ்வொரு ஜனவரியிலும் ஒரு வாரம் அவளை என்னிடம் விட்டுவிடுவார். விலை குறைந்த பேருந்தில் லண்டன் வந்து, ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் ஒரு விடுதியில் ஒரே அறை எடுத்து, ஒரு வாரத்துக்குள் ஒன்பது பத்து நாடகங்கள் பார்த்துவிடுவோம். ராய் இறந்த வருடம்கூட நாங்கள் வந்தோம். வந்தால் மனசு மாறும் என்று நான்தான் கூட்டிவந்தேன்.

வேலையைப் பிரித்துக்கொண்டிருந்தோம். இருட்டு விலகுவதற்கு முன்பே எழுந்து வரிசையில் நிற்பது நான். தூங்குவது அவள். எந்த அரங்கு, எந்தக் காட்சி, எங்கே நடந்து போகலாம், எந்தப் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து சாண்ட்விச் சாப்பிடலாம், எல்லாம் என் பொறுப்பு. எனக்கு அதில் குறையே இல்லை. நாடகம் பார்ப்பதற்கென்றே பிறந்தவள் அவள். அவள் சிரித்தால் முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அழ ஆரம்பித்தால் கைக்குட்டை போதாது. எனக்கு அப்படியெல்லாம் வராது. நான் பாதி நேரம் மேடையைப் பார்ப்பேன், பாதி நேரம் அவளைப் பார்ப்பேன்.

போன வசந்தத்தில் அவளுக்கு நெஞ்சு வலி வந்தது. மருத்துவமனைக்கு அவளோடு போனது நான்தான். அந்த டாக்டர் பொறுமையானவர். மாடிப்படி ஏறுவதை முடிந்தவரை தவிர்க்க வேண்டும், குளிர்காற்றில் நடக்கக் கூடாது, வயிறு காயக் கூடாது, நெஞ்சு இறுகினால் உடனே நாக்குக்கு அடியில் இந்த மருந்தை அடித்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு சின்ன ஸ்ப்ரே குப்பியைக் கொடுத்தார். க்ளெனிஸ் அதையெல்லாம் கவனிக்கவில்லை. அவருடைய டையில் இருந்த வாத்துப் படங்களைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். நான் கவனமாகக் கேட்டுக்கொண்டேன்.

அதனால் இந்த வருடம் எல்லாம் பார்த்துப் பார்த்துத்தான் ஏற்பாடு செய்தேன். முதல் நாள் கீழ்த்தளத்திலேயே இடம் பிடித்தேன். போகவர பஸ். இதை நீங்கள் விசாரித்தும் தெரிந்துகொள்ளலாம்.

செவ்வாய்க்கிழமை பகலில் ஒரு தேநீர்க் கடையில் உட்கார்ந்திருந்தோம். க்ளெனிஸ் ஸ்கோன் ரொட்டியில் ஜாமைத் தடவிக்கொண்டே ஆரம்பித்தாள்.

“ஹிலரி, அடுத்த வருஷம் நான் வர மாட்டேன்டி.”

“ஏன், நெஞ்சு ஏதாவது பண்ணுதா?”

“நெஞ்சு நல்லாத்தான் இருக்கு. டெஸ்மண்டும் நானும் மார்ச்ல கல்யாணம் பண்ணிக்கப் போறோம். அவருக்கு ஸ்பெயின்ல ஒரு வீடு இருக்கு. வெயிலு, கடலு. அங்கேயே போயிடலாம்கிறார்.”

டெஸ்மண்ட் என்பவர் கசாப்புக்கடை வைத்திருந்து ஓய்வு பெற்றவர். அவளோடு புல்தரையில் பந்து உருட்டி விளையாடுகிறவர். அவளுக்கு அவரைத் தெரிந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை.

“சொல்லவே இல்லையே நீ,” என்றேன்.

“எப்படிச் சொல்றதுன்னு தெரியல. டெஸ்மண்ட் சிரிக்கிறார். ‘உன் வார்டன்கிட்ட லீவு கேட்டாச்சா’ன்னு தினமும் கேக்கிறார். உனக்கு அவர் வச்ச பேரு அது. தப்பா எடுத்துக்காதே, நல்ல மனுஷன், சும்மா கிண்டலுக்குத்தான்.”

நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. வாழ்த்துச் சொன்னேன். கூஜாவில் மிச்சமிருந்த தேநீரை அவள் கோப்பையிலேயே ஊற்றினேன். அதோடு அவள் நிறுத்தியிருக்கலாம். ஆனால் மனசின் பாரம் இறங்கிய சந்தோஷத்தில் இருப்பவர்கள் நிறுத்துவதில்லை.

“ஒண்ணு சொல்லட்டுமா? கோவிச்சுக்க மாட்டியே? எனக்கு இந்த நாடகமெல்லாம் எப்பவோ அலுத்துப்போச்சுடி. ராய் இருந்தப்பவே. நீ மட்டும் தனியாப் போய் உக்காந்திருப்பியேன்னுதான் வந்துக்கிட்டிருந்தேன்.”

“அப்போ நீ அழுததெல்லாம்?”

“ஐயோ, எனக்கு அழுகைக்கு ஒரு காரணமா வேணும்? விளம்பரத்துக்கே அழுவேன் நான்.” என் கையைத் தட்டிக்கொடுத்தாள். “நீயும் வேற யாரையாவது சேத்துக்கோ. லைப்ரரியில அந்த மார்கோ இருக்காளே, அவ வருவா.”

அன்று மாலைக் காட்சி நன்றாகவே இருந்தது. அவளும் அழுதாள். நான் மேடையைத்தான் பார்த்தேன்.

புதன்கிழமை காலையில் வரிசையில் நானே முதல் ஆள். கவுண்டரில் இருந்த பையனுக்கு என்னைத் தெரியும், வருடா வருடம் பார்க்கிறவன். “அதிர்ஷ்டம்தான் மேடம். கீழ்த்தளத்துல முதல் வரிசை ரெண்டு இருக்கு,” என்றான்.

“மேல்மாடியில இருக்கா?” என்று கேட்டேன்.

“இருக்கு, ஆனா விலை ரெண்டுக்கும் ஒண்ணுதான். மேல போனா தூண் மறைக்கும். லிஃப்டும் கிடையாது.”

“பரவாயில்ல. மேல்மாடியே குடுங்க.”

அவனிடமும் நீங்கள் விசாரித்திருக்கிறீர்கள். அவன் சொன்னது சரிதான். எனக்கு உயரத்திலிருந்து பார்க்கப் பிடிக்கும் என்று அவனிடம் சொன்னேன். க்ளெனிஸிடம் கீழே எல்லாம் போய்விட்டது என்று சொன்னேன். இரண்டும் பொய்தான் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பெரிய பொய்கள் இல்லை.

பழைய அரங்குகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மேல்மாடிக்குப் பக்கத்துச் சந்தில் தனிவாசல். குறுகலான கல் படிகள் சுற்றிச் சுற்றி மேலே போகும். அந்தக் காலத்தில் ஏழைகள் பணக்காரர்கள் கண்ணில் படக் கூடாது என்று கட்டியவை. அன்று பகலில் ஓர் அரங்கு, மாலையில் இன்னொன்று. நடுவில் அவள் இரண்டு முறை நின்று மூச்சு வாங்கினாள். குப்பியை எடுத்து அடித்துக்கொண்டாள். வேலை செய்கிறது என்று தெரிந்தது.

வியாழக்கிழமை பஸ்ஸை நிறுத்தினேன். டிக்கெட்டுக்குக் கொஞ்சம் கூடுதலாகிவிட்டது, பஸ் காசை மிச்சம் பிடித்தால் இன்னொரு நாடகம் பார்க்கலாம் என்றேன். ஆற்றுப் பாலத்தில் எதிர்க்காற்றில் நடந்தோம். மதியச் சாப்பாட்டையும் ஒன்றாகக் குறைத்தேன். ஒரு சாண்ட்விச், ஆளுக்குப் பாதி. எதுவுமே புதிதில்லை. ஒவ்வொரு வருடமும் ஏதோ ஒரு நாள் அப்படிச் செய்திருக்கிறோம். இந்த வருடம் எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் செய்தேன், அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை அவள் சந்து முனையில் விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். உதடு சாம்பல் நிறத்தில் இருந்தது.

“டாக்ஸியில போலாம்டி. நான் குடுக்கிறேன்.”

“இத்தனை வருஷத்துல நாம டாக்ஸி ஏறினதே இல்ல, க்ளெனிஸ்.”

“நான் முடியலன்னு சொல்றேன், நீ கணக்குப் பேசுறியே.” பிறகு சிரித்தாள். மூச்சுக்கு நடுவே சிரித்தாள். “சரி வார்டன். நடக்கிறேன் வார்டன். ஞாயித்துக்கிழமை வரைக்கும்தானே.”

நேருக்கு நேராக அந்தப் பெயரை அவள் சொன்னது அதுதான் முதல் தடவை.

சனிக்கிழமைப் பகல் காட்சியைப் பற்றி நீங்கள் கேட்பதற்குள் அன்றைய மாலைக் காட்சியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் திரும்பத் திரும்ப அதைத்தான் கேட்கிறீர்கள். ஆமாம், போனேன். பகல் காட்சி முடிந்து வெளியே வரும்போது படிக்கட்டை மறித்து நின்று எல்லோரையும் வேறு வழியாக அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் கைகளை விரித்துக்கொண்டு, “இந்தப் பக்கம் வேண்டாம், தயவுசெய்து அந்தப் பக்கம் போங்க,” என்று சொன்னாள். அவள் அழுதிருந்தாள். நான் அந்தப் பக்கம் போனேன். கையில் டிக்கெட் இருந்தது. அதை வீணாக்குவது எனக்குப் பழக்கமில்லை. நீங்கள் விடுதிக்கு வந்தபோது நான் தூங்கிக்கொண்டிருந்தேன் என்பதையும் ஏதோ குற்றம் போலக் கேட்கிறீர்கள். விடியும் முன்பே எழுகிறவள் நான்.

பகல் காட்சிக்கு வருகிறேன். அந்த அரங்கின் படிகள் இருப்பதிலேயே செங்குத்தானவை. கீழேயே அவள் கைப்பையை நான் வாங்கிக்கொண்டேன். “குடு, நான் தூக்கிட்டு வர்றேன். நீ கம்பியைப் பிடிச்சுக்கிட்டு முன்னால ஏறு.” அவள் என் கன்னத்தைத் தொட்டாள். “நீ நல்லவடி. டெஸ்மண்டுக்குத்தான் உன்னத் தெரியாது,” என்றாள். அவள் முன்னால் ஏறினாள். நான் பையைத் திறந்து குப்பியை எடுத்து என் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டேன். ஏன் என்று கேட்கிறீர்கள். பை கனமாக இருந்தது. ஒரு குப்பி அப்படியென்ன கனம் என்பீர்கள். கனமில்லைதான்.

இடைவேளை வரை அவள் தாக்குப்பிடித்தாள். விளக்கு எரிந்ததும், “காத்து வேணும்,” என்று எழுந்து வெளியே போய்ப் படியில் உட்கார்ந்தாள். நானும் கூடவே போனேன். மற்றவர்கள் ஐஸ்கிரீம் வாங்க வேறு பக்கம் போயிருந்தார்கள். கல் படி ஜில்லென்று இருந்தது. மேலே வந்ததும் நான் திருப்பிக் கொடுத்திருந்த பையை அவள் கிளறினாள். பிறகு மடியில் கொட்டித் தேடினாள். சீப்பு, சாவி, டெஸ்மண்டின் படம் ஒன்று.

“அறையிலேயே வச்சுட்டேனா?”

“வச்சிருப்பே,” என்றேன்.

“யாரையாவது கூப்பிடு ஹிலரி. கை மரத்துப்போகுது.”

“கூப்பிடறேன்,” என்றேன்.

அப்போது மணி அடித்தது. இரண்டாம் பாதி ஆரம்பித்தால் அந்த அரங்கில் கதவைத் திறக்க மாட்டார்கள். அது அவர்கள் விதி, நான் போட்டதில்லை. நான் உள்ளே போனேன். கதவைச் சாத்தினார்கள். கதவருகே நின்ற பெண் உங்களிடம் ஏதோ சத்தம் கேட்டதாகச் சொல்லியிருக்கிறாள், நடிகர்கள் பேசுகிறார்கள் என்று நினைத்துவிட்டாளாம். அந்தப் பெண் மேல் தப்பில்லை. அவள் வயதுக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும். க்ளெனிஸ் என் பெயரைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். இரண்டாம் பாதியின் மூன்றாவது காட்சி ஆரம்பிக்கும் வரை கூப்பிட்டாள். முதலில் உரக்க, பிறகு மெதுவாக.

காப்பாற்றச் சொல்லித்தான் கூப்பிட்டாள் என்று நீங்கள் எழுதிக்கொள்கிறீர்கள். உங்களுக்கு அவளைத் தெரியாது. தன் இடத்தை யாரும் பிடித்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள் என்று சொல்கிறாள் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். சனிக்கிழமை என்றால் பின்வரிசைக்காரர்கள் காலி இடத்துக்கு நைசாக முன்னேறி வருவார்கள். அதனால் என் கோட்டைக் கழற்றி அவள் இருக்கையில் விரித்தேன். ஆமாம், குப்பி அதில்தான் இருந்தது. நான் அதைத் தொடவே இல்லை. கடைசிக் காட்சியில் எல்லோரும் அழுதார்கள். நான் பக்கத்து இருக்கையைப் பார்த்தேன். யாரும் வரவில்லை, அவள் இடம் அவளுக்காகவே இருந்தது.