பார்கோடு விழாத லேபிள்கள்

அமெரிக்காவில், ரிச்சர்ட்சன் நகரில் எங்கள் அலுவலகத்தில் ஒரு சின்னச் சிக்கல் இருந்தது. கிடங்குகளுக்கு லேபிள் அச்சடிக்கும் சர்வரை, அதைப் பார்த்துக்கொள்ளும் சயந்தினி அப்டேட் செய்யும்போதெல்லாம் பார்கோடு மட்டும் விழாது. முகவரி விழும், எடை விழும், பார்கோடு இருக்கவேண்டிய இடம் வெள்ளையாக இருக்கும்.

“அண்ணா, திரும்பவும் போயிட்டுது. நான் அப்டேட் மட்டும்தான் குடுத்தனான், வேற ஒண்டும் செய்யேல்லை.”

நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன். விளக்கம் சொல்லக் கிடைத்தால் எனக்குச் சாப்பாடு வேண்டாம். வீட்டில் அந்தக் கொடுப்பினை இல்லை. மகள் ஓவியா கணக்கில் சந்தேகம் கேட்பாள். பின்னம் என்றால் என்ன என்று நான் தொடங்குவதற்குள் “அப்பா, ஜஸ்ட் ஆன்சர் ப்ளீஸ்” என்பாள்.

எங்கள் சர்வரில் ஓடுவது ஃப்ரீ பிஎஸ்டி என்ற இயங்குதளம். அதில் மென்பொருளை இரண்டு வழியில் நிறுவலாம். பேக்கேஜ் என்பது கடையில் வாங்கும் சாம்பார்ப் பொடி. போர்ட் என்பது செய்முறை. மிளகாய், மல்லி வறுத்து நாமே அரைப்பது, பெருங்காயம் வேண்டுமா என்று நாமே முடிவு செய்வது. பார்கோடு வரையும் வசதி கடைப்பொடியில் இல்லை என்பதால் நான் போர்ட்டிலிருந்து அரைத்து வைத்திருந்தேன். ஒவ்வொரு அப்டேட்டும் அதைக் கொட்டிவிட்டுக் கடைப்பொடியை நிரப்பிவிடும்.

“அப்ப, எது நீங்கள் அரைச்சது எண்டு சர்வருக்குத் தெரியாதோ அண்ணா?”

இப்படி ஒரு கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. 75ஆம் நெடுஞ்சாலையில் டிராஃபிக் அடங்கும்வரை வெள்ளைப் பலகையில் படம் போட்டேன். பிறகு மறுபடி அரைத்து நிறுவினேன், பார்கோடு விழுந்தது. அடுத்த அப்டேட்டில் போனது. அவள் மறுபடி வந்தாள். இன்னொரு அத்தியாயம் நடத்தினேன்.

பாதுகாப்புக்கு அப்டேட் அவசியம், அதை நிறுத்தவும் முடியாது. ஒருநாள் அவள் உட்காரவேயில்லை.

“இன்னொருக்கா நடந்தால் என்னை அனுப்பிப்போடுவினம் அண்ணா. வேலை போனால் விசாவும் போயிடும். இதைத் தடுக்க ஒரு வழி சொல்லுங்கோ.”

“சொல்றேன்மா. அதுக்கு முன்னாடி டிபென்டன்சி, அதாவது எது எதை நம்பி ஓடுதுன்னு, புரியணும்.”

வரிசை மாறினால் பாடம் மனதில் நிற்காது. அதில் நான் கண்டிப்பானவன்.

அடுத்த அப்டேட்டில் ஒரு லாரி நிறைய மருந்துப் பெட்டிகள் பார்கோடு இல்லாத லேபிளோடு திரும்பி வந்தன. மேனேஜர் வான்மதி என்னை அறைக்குள் கூப்பிட்டார்.

“சபரி, ஃப்ராங்கா சொல்லுங்க. அவங்க கை வெச்சாலே புட்டுக்குது. இந்த வேலை அவங்களுக்கு செட் ஆகுமா?”

“கத்துக்கிட்டிருக்காங்க. இன்னும் பேசிக்ஸ்லதான் இருக்காங்க” என்றேன். பொய்யில்லை. பாடத்திட்டமே என்னுடையதுதானே.

சயந்தினி விடைபெற என் மேசைக்கு வந்தாள். “எனக்கு இவ்வளவு பொறுமையா ஆரும் சொல்லித் தந்ததில்லை அண்ணா.” எனக்குக் கண் கலங்கிவிட்டது. நல்ல மாணவியை இழப்பது எந்த ஆசிரியருக்கும் கஷ்டம். குழந்தையோடு யாழ்ப்பாணம் திரும்பிவிட்டதாகக் கேள்வி.

அவள் இடத்துக்கு வந்த அகிலன் வேறு ரகம். சாம்பார்ப் பொடியை நான் எடுத்ததுமே கையைக் காட்டி நிறுத்தினான்.

“அண்ணா, கதை வேணாம். கமாண்டை மட்டும் சொல்லுங்க.”

இவனுக்குச் சொல்லிக்கொடுக்க எதுவும் இல்லை. அதனால், சர்வரை அமைத்த அன்றே எனக்குத் தெரிந்திருந்த அந்த ஒரு வரியைச் சொல்லிவிட்டேன்: pkg lock என்று அடித்து, பக்கத்தில் அந்த மென்பொருளின் பெயர். அதன்பின் எந்த அப்டேட்டும் அதைத் தொடாது.