பதினான்காம் எண்ணுக்கு நான் போட்ட மூன்று புள்ளி

என் பெயர் கவிநிலா. வயது 18. தகப்பனார் பெயர் வேணு, தாயார் பெயர் சரசு. கீழ்பென்னாத்தூர், ஏரிக்கரைத் தெரு, கதவு எண் 4/117 என்ற முகவரியில் வசித்து வருகிறேன். என் பெற்றோர் பெங்களூரில் கட்டிட வேலை செய்கிறார்கள். பொங்கலுக்கும் தீபத்துக்கும் வருவார்கள். மற்ற நாட்களில் மேற்படி வீட்டில் நான் மட்டும் இருக்கிறேன். பதினொன்றாம் வகுப்பு பாதியில் படிப்பை நிறுத்திவிட்டேன். வகுப்பில் எழுந்து நின்று படிக்கச் சொன்னால் எனக்குக் குரல் வராது. வேறு காரணம் இல்லை.

இன்று 21.05.2025 காலை 11 மணிக்கு சைபர் குற்றப் பிரிவு உதவி ஆய்வாளர் திருமதி சந்திரகலா அவர்கள் ஒரு பெண் காவலருடன் என் வீட்டுக்கு வந்து, நான் வேலை செய்த நிறுவனம் என் மீது கொடுத்த மனு சம்பந்தமாக விசாரித்தார். நான் பதில் சொல்லாமல் நின்றதால், "வாயில வரலன்னா எழுதிக் குடும்மா, அவசரமே இல்ல" என்று சொல்லி வெள்ளைத் தாள் கொடுத்தார். ஆகவே இதை என் கையால் எழுதுகிறேன்.

கடந்த ஆண்டு ஆகஸ்ட் மாதம் முதல் திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் டைல்ஸ் கடை மாடியில் இருக்கும் மேற்படி நிறுவனத்தில் வேலை செய்து வந்தேன். வெளிநாட்டில் நடக்கும் விளையாட்டுகளைக் கம்ப்யூட்டரில் பார்த்து, பார்க்கப் பார்க்க ஸ்கோர் போடுவது வேலை. எனக்குக் கொடுத்தது பசிபிக் கரை கிளப் கோப்பை என்ற கூடைப்பந்துப் போட்டி. அதில் ஆடுவது நாட்டு அணிகள் இல்லை. பிலிப்பைன்ஸ், கொரியா, ஜப்பான், தைவான் ஆகிய நாடுகளில் ஊர்ப் பெயரில் இருக்கும் கிளப்புகள் ஒருவர் ஊருக்கு ஒருவர் விமானத்தில் போய் ஆடுவார்கள். பிலிப்பைன்ஸில் இரவு ஏழரை மணிக்குத் தொடங்கினால் இங்கே மாலை ஐந்து மணி. அதனால் பெண்களுக்கு வசதியான ஷிப்ட் என்று சொல்லிக் கொடுத்தார்கள்.

திரையின் இடது பக்கம் ஆட்டம் ஓடும். வலது பக்கம் ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் ஒரு பொத்தான் இருக்கும். களத்தில் இருப்பவரின் பொத்தான் பச்சையாகவும், உட்கார்ந்திருப்பவரின் பொத்தான் சாம்பல் நிறமாகவும் இருக்கும். பந்து கூடையில் விழுந்தால் எறிந்தவரின் பொத்தானை அழுத்திப் பிறகு இரண்டு என்றோ, தூரத்தில் இருந்து எறிந்திருந்தால் மூன்று என்றோ அழுத்த வேண்டும். அது உடனே வெளியே போய்விடும். எங்கே போகிறது என்று எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பந்தயம் கட்டும் ஆட்களுக்கும் போகிறது என்பது மனு வந்த பிறகுதான் தெரியும். வீடியோவுக்குச் சத்தம் வைக்கக் கூடாது. சூப்பர்வைசர் விமல்ராஜ் முதல் நாளே, "கூட்டம் கத்துதுன்னு போட்டுடாத. பாத்தத மட்டும் போடு. நெனச்சதப் போடாத" என்று சொன்னார். தப்பாகப் போட்டுவிட்டால் கையைத் தூக்க வேண்டும், அவர் வந்து தன் ரகசிய எண்ணைப் போட்டுத் திருத்துவார்.

என்னுடன் சேர்த்து ஆறு பேர் வேலை செய்தோம். நான் பேசாமல் இருப்பதால் எனக்கு மியூட் என்று பெயர் வைத்திருந்தார்கள். பக்கத்து மேஜையில் இருந்த ஹஃப்சா, "மியூட்டு, டீ சொல்லட்டா? தலையாச்சும் ஆட்டுடீ" என்று கேட்பாள். நான் தலையாட்டுவேன். "பாத்தீங்களா, இன்னிக்கு கரண்ட் இருக்குது" என்று மற்றவர்களிடம் சொல்லிச் சிரிப்பாள். அவள் கெட்ட பெண் இல்லை. அதற்கு மேல் அவளிடம் எனக்குப் பேச்சு இருந்ததில்லை.

எனக்குக் கொடுத்த அணி பிலிப்பைன்ஸில் செபு என்ற ஊரின் செபு லான்டர்ன்ஸ். அந்த அணியில் பதினான்காம் எண் சட்டை போட்ட ஆட்டக்காரர் ஒருவர் இருந்தார். பெஞ்சின் கடைசியில், தண்ணீர் பாட்டில் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். களத்தில் இருந்து வருகிறவர்களுக்குத் துண்டு எடுத்துக் கொடுப்பார். அவர்கள் துடைத்துவிட்டுக் கீழே போட்டால் எடுத்து மடித்து வைப்பார். பயிற்சியாளர் எல்லோரையும் சுற்றி நிற்க வைத்துப் பேசும்போது இவர் வெளி வட்டத்தில் நின்று எட்டிப் பார்ப்பார். ஷூ நாடாவை அவிழ்த்து மறுபடி கட்டுவார். அந்த இடைவேளை நேரத்தில் அழுத்துவதற்கு எனக்கு ஒன்றும் இருக்காது. கேமராவும் பெரும்பாலும் அந்த மூலையைத்தான் காட்டிக்கொண்டிருக்கும். ஆகவே நான் அவரைப் பார்த்தேன். கடைசி ஆட்டத்துக்கு முன்பு நடந்த பதினொரு ஆட்டத்திலும் அவர் பொத்தான் சாம்பல் நிறத்திலேயே இருந்தது. அவரிடம் யாரும் பேசி நான் பார்க்கவில்லை.

அந்த ஒவ்வொரு ஆட்டத்திலும் ஒரு முறை அவரை என் போனில் படம் எடுத்து வைத்தேன். திரையில் இருந்து எடுத்ததால் படத்தில் கோடு கோடாக இருக்கும். யாருக்கும் அனுப்புவதற்காக எடுக்கவில்லை. வீட்டுக்கு வந்து சாப்பிடும்போது போனைச் சொம்பில் சாய்த்து வைத்துக்கொள்வேன்.

12.05.2025 அன்று சித்ரா பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்துக்காகப் பேருந்துகளை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். தற்காலிகப் பேருந்து நிலையத்தில் இறங்கி நடந்தே வேங்கிக்கால் போய்ச் சேர நாலே முக்கால் ஆகிவிட்டது. வழியில் அன்னதானப் பந்தல் போட்டவர்கள் கம்பம் நட்டதில் எங்கள் இன்டர்நெட் கேபிள் அறுந்துவிட்டது என்று அலுவலகத்தில் சொன்னார்கள். அதனால் விமல்ராஜ் தன் போனில் இருந்து இணைப்புக் கொடுத்திருந்தார். பௌர்ணமி அன்று லட்சக்கணக்கான பேர் ஊருக்குள் போனோடு வருவதால் சிக்னல் இருக்காது என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். எங்களுக்கு ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டுக் கம்பெனிக்குத் தெரியாது. "ஆட்டத்த விட்டா ஆர்டரே போயிடும். எப்படியாச்சும் ஓட்டுங்க" என்று சொல்லிவிட்டு, போனை ஜன்னல் ஓரம் வைத்துவிட்டு, மணி ஆறரை இருக்கும்போது அவர் டீ குடிக்கக் கீழே போனார்.

அன்று செபு அணிக்கும் கொரியாவின் புசான் ஊர்க் கிளப்புக்கும் ஆட்டம். செபுவுக்கு இந்த ஆண்டின் கடைசி ஆட்டம் அது. பத்தொன்பது புள்ளி பின்தங்கி இருந்தார்கள். முடிய ஒரு நிமிடம் ஐம்பத்திரண்டு வினாடி இருக்கும்போது பயிற்சியாளர் பெஞ்சின் கடைசியைப் பார்த்துக் கையைக் காட்டினார். பதினான்காம் எண் எழுந்து, மடியில் இருந்த துண்டைப் பெட்டியின் மேல் வைத்துவிட்டு உள்ளே போனார். நான் ஆள் மாற்றம் என்று போட்டேன். அவர் பொத்தான் பச்சை ஆனது.

அதன் பிறகு அவருக்கு மூலையில் பந்து வந்தது. முன்னால் ஆள் இல்லை. இரண்டு கையும் தலைக்கு மேல் உயர்ந்து பந்து கையை விட்டுப் போனது. பந்து மேலே இருக்கும்போது வீடியோ நின்றுவிட்டது. அப்போது நான் பதினான்கையும் மூன்றையும் அழுத்தினேன்.

முப்பத்தெட்டு வினாடி கழித்து வீடியோ வந்தது. எதிர் அணி பந்தோடு மறுபக்கம் இருந்தது. அரங்கத்தின் ஸ்கோர் பலகை திரையின் மூலையில் தெரிந்தது. அதில் செபுவின் எண் ஏறவில்லை. பந்து கூடையில் விழவில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

இந்த இடத்தைப் பற்றித்தான் மனுவில் இருக்கிறது. முப்பத்தெட்டு வினாடியில் வீடியோ வந்தும் தவறான ஸ்கோர் ஆட்டம் முடியும் வரை, ஆட்டக் கடிகாரத்தை நிறுத்தி வைத்த நேரமும் சேர்த்து, நான்கு நிமிடம் பத்து வினாடி நின்றது என்றும், இரண்டு அணிகளும் சேர்ந்து உண்மையான மொத்தம் 162 இருக்க நான் போட்டதோடு 165 ஆனது என்றும், 163 தாண்டுமா தாண்டாதா என்று பலர் பந்தயம் கட்டியிருந்தார்கள் என்றும், ஆகவே நான் வெளி ஆட்களோடு சேர்ந்து இதைச் செய்தேன் என்றும் எழுதியிருக்கிறார்கள்.

மறுநாள் விமல்ராஜ் எனக்குப் போன் செய்து, "ஆட்டம் முடியிற வரைக்கும் நெட்டு சிக்கிக்கினு இருந்துச்சுன்னு சொல்லிடு. அத்தோட முடிஞ்சுது. நான் கீழ போனதெல்லாம் ஜாஸ்தி பேசாத" என்று சொன்னார். பிறகு அவரே, "நீ எங்க ஜாஸ்தி பேசப் போற" என்று சிரித்தார். நானும் அப்படியே சொல்லிவிடலாம் என்றுதான் இன்று காலை வரை இருந்தேன்.

உதவி ஆய்வாளர் அவர்கள் என் போனை வாங்கிப் பார்த்தார். இரண்டு மாத அழைப்புகளில் அம்மாவின் எண்ணும், அலுவலக எண்ணும், ரீசார்ஜ் செய்யச் சொல்லும் கம்பெனியின் எண்ணும் இருந்தன. "இந்த வயசுல ஒரு ப்ரெண்டு கூடவாம்மா இல்ல? வேற போன் எங்க வச்சிருக்க?" என்று கேட்டார். பெண் காவலர் அரிசிப் பானையைத் திறந்து பார்த்தார். அதன் பிறகு உதவி ஆய்வாளர் படங்களைப் பார்த்து, "பதினொரு போட்டோலயும் ஒரே ஆளு. யாரும்மா இது?" என்று கேட்டார். அவர் பையில் இருந்து ஒரு தாளை எடுத்து அதில் இருந்த படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, "ரெனான் அபாலோஸ்" என்று வாய்விட்டுப் படித்தார். அந்தப் பெயரை அதுவரை நான் எழுத்தில்தான் பார்த்திருக்கிறேன். யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

அந்தத் தாள் வெளிநாட்டில் இருந்து வந்த கடிதத்தின் நகல். பொய்ப் புள்ளி மேற்படி ஆட்டக்காரரின் பெயரில் போடப்பட்டதால் அவருக்கும் இதில் பங்கு இருக்கலாம் என்று சந்தேகம் இருக்கிறது, விசாரணை முடியும் வரை பயிற்சிக்கு வர வேண்டாம் என்று கிளப் அவரிடம் சொல்லிவிட்டது, அடுத்த ஆண்டுக்கு அவரை வைத்துக்கொள்வது பற்றி அதன் பிறகுதான் முடிவு செய்வார்கள் என்று அதில் இருப்பதாக உதவி ஆய்வாளர் சொன்னார். "அந்த ஆள் போட்டோ உங்கிட்ட இருக்குது. அவர் பேருக்கு நீ புள்ளி போட்டிருக்க. நடுவுல யாருனு நீ சொல்லிட்டா உனக்குப் பிரச்சனை கம்மி" என்றார்.

நெட் சிக்கியது என்று மட்டும் எழுதினால் அந்தப் பதினொரு படங்களுக்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். ஆகவே நடந்ததை எழுதுகிறேன்.

வீடியோ வந்தவுடன் பந்து விழவில்லை என்று எனக்குத் தெரியும். விமல்ராஜ் கீழே இருந்ததால் திருத்த முடியவில்லை என்று எழுதலாம். ஹஃப்சா பக்கத்தில்தான் இருந்தாள். அவள் கூப்பிட்டால் அவர் மாடி ஏறி வந்திருப்பார். எனக்குப் பேச வராததால் சொல்லவில்லை என்று எழுதலாம். அதுவும் உண்மை இல்லை. கையைத் தூக்கினாலே போதும். நான் தூக்கவில்லை. திரையில் அவர் பெயருக்கு நேராக மூன்று என்று இருந்தது. அதற்கு முன்பு அந்த இடத்தில் எப்போதும் ஒரு சின்னக் கோடுதான் இருக்கும். திருத்தினால் அது போய்விடும் என்பதால் ஆட்டம் முடியும் வரை அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆட்டம் முடிந்த பிறகு விமல்ராஜ் மாடி ஏறி வந்து, அரங்கத்தின் பலகையும் எங்கள் ஸ்கோரும் ஒத்துப்போகாததைப் பார்த்து, "யாரு போட்டது இத?" என்று கத்தினார். அப்போதுதான் கையைத் தூக்கினேன்.

என்னிடம் யாரும் சொல்லவில்லை. யாரும் ஒன்றும் கொடுக்கவில்லை. நடுவில் யாரும் இல்லை. நடுவில் ஒருவர் இருந்திருந்தால் அவரிடம் பேசியிருப்பேன், அது போனில் இருந்திருக்கும். ரெனான் அபாலோஸ் அவர்களுக்கு என்னைத் தெரியாது. திருவண்ணாமலை என்று ஒரு ஊர் இருப்பதும் தெரிந்திருக்காது. அவர் பெஞ்சின் கடைசியில் உட்கார்ந்திருந்ததாலும், நான் அவரைப் பார்த்துக்கொண்டிருந்ததாலும் படம் எடுத்தேன். வேறு யாரையும் அப்படி எடுக்கவில்லை. இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் இதை ஆங்கிலத்தில் எழுதி அந்தக் கிளப்புக்கு அனுப்பும்போது கீழே உள்ள வரியை மட்டும் விட்டுவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ரெனான் அபாலோஸ் எறிந்த பந்து விழவில்லை, விழுந்ததாகப் போட்டது நான்.

இதில் உள்ளவை நான் பார்த்தவை, செய்தவை. பார்க்காமல் போட்டது அந்த மூன்று புள்ளி மட்டும். எழுதி முடித்த பிறகு உதவி ஆய்வாளர் அவர்கள், "நீயே படிச்சுக் காட்டணும், இல்லன்னா நான் படிக்கிறேன், கேட்டுக்கோ" என்றார். அவரே படித்தார். மேற்படி ஒரு வரி வந்தபோது நிறுத்தச் சொல்லிக் கையைத் தூக்கி, அதை மட்டும் நான் வாய்விட்டுப் படித்தேன். அந்தப் பெயரைச் சரியாகச் சொன்னேனா என்று எனக்குத் தெரியாது. மற்றபடி எல்லாம் சரியாக இருக்கிறது என்று ஒப்புக்கொண்டு கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)
வே. கவிநிலா
கீழ்பென்னாத்தூர்
21.05.2025, பிற்பகல் 2.40