பச்சை ஸ்ட்ரா

“ஹலோ... ஹலோ! யாரு, வெண்டலா? டேய், எங்கடா தொலைஞ்சே? அடுப்பு முன்னால நின்னவன் திடீர்னு மாயமாயிட்டே! இங்க சாசேஜ் எல்லாம் கரிக்கட்டையாப் போச்சு...”

மார்லிஸ் போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு ஐஸ்கிரீம் கரண்டியை வெந்நீரில் முக்கினாள். அமெரிக்காவின் விஸ்கான்சினில் வெயில் மூன்றே மாதம்தான். அதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டு ஏரிக்கரையில் விருந்து நடக்கும். நாற்பது பேர் வந்திருந்தார்கள். நாற்பது பேருக்கும் சோடாவில் ஐஸ்கிரீம் மிதக்க வேண்டும்.

“என்னது? சத்தமாப் பேசு... ஆமா, ஆமா, சொல்லு... வண்டியில இருக்கியா? எதுக்கு? ஐஸ்கட்டி வாங்கவா போனே? அதான் கொட்டகையில மலையாக் கெடக்கே!... இல்லையா? பின்ன எதுக்குடா போனே?... ஒரு நிமிஷம் இரு. பிராந்தி கலந்தது இடது பக்க ஜாடி! எடுத்து ஊத்திக்குங்க, கையில்லையா உங்களுக்கு?... உன்னைச் சொல்லலடா. நீ சொல்லு.”

தம்பி ஏதோ சொன்னான். அவளுக்குப் பாதிதான் கேட்டது. பாதியே கோபத்துக்குப் போதுமாக இருந்தது.

“பிரிட்டாவை இங்க விட்டுட்டுப் போயிருக்கே, ஞாபகம் இருக்கா? ஒன்பது வயசுப் பொண்ணு. தண்ணியில ஆடிட்டு மேல வந்து ‘அப்பா எங்க அத்தை’ன்னு கேட்டா நான் என்ன சொல்றது? இந்த ஒரு வாரத்துக்கு அவ அம்மாகிட்ட எவ்வளவு கெஞ்சினே! ஒரு சொட்டுக்கூடத் தொடமாட்டேன்னு நீ சொன்னப்புறம்தானே பிள்ளையை அனுப்பினா?... என்னது?... திரும்பச் சொல்லு... நான் குடுத்ததுலயா?”

கரண்டி வெந்நீரிலேயே நின்றது.

“போடா! உளறாதே. உனக்குக் குடுத்தது பச்சை ஸ்ட்ரா. என் கையால நானே சொருகினேன். சிவப்பு ஸ்ட்ரான்னா பிராந்தி, பச்சைன்னா வெறும் ரூட் பியர். பேர்லதான்டா பியர், குழந்தைங்க குடிக்கிற சோடா அது! உனக்காகத்தானே இந்த வருஷம் ஊரெல்லாம் அலைஞ்சு பச்சை ஸ்ட்ரா வாங்கினேன்? நாலு பேர் நடுவுல நீ வெறுங்கையோட நிக்கக் கூடாதுன்னுதானே?... என்ன வாசனை?... ஓ, இப்ப என் மேல பழியா? இதெல்லாம் எத்தனை தடவை கேட்ட கதை! பனியில வண்டியைக் கவுத்தப்பவும் யாரோ ஊத்திக் குடுத்தாங்கன்னுதானே சொன்னே! உனக்குன்னு எப்பவும் ஒரு யாரோ!”

சொல்லிக்கொண்டே அடுப்பின் பக்கம் திரும்பினாள். அவனுடைய டம்ளர் அங்கே பலகை மேல் இருந்தது. ஒரு மடக்கு குறைந்திருந்தது, அவ்வளவுதான். வெறும் ரூட் பியரில் ஐஸ்கிரீம் விழுந்தால் நுரை விளிம்பைத் தாண்டிப் பொங்கும், வெகுநேரம் நிற்கும். பிராந்தி சேர்ந்தால் நிற்காது. இந்த டம்ளரில் நுரை பாதியிலேயே அமுங்கிக் கிடந்தது.

மார்லிஸ் அதை எடுத்து முகர்ந்தாள்.

“...இரு. வெண்டல், வைக்காதே. இரு.”

“கர்ட்! அந்த வலது பக்க ஜாடியை, பச்சை ஸ்ட்ரா ஜாடியை, யாரும் தொடக் கூடாது! அதுலேர்ந்து யாருக்காவது ஊத்தினியா?... பிள்ளைங்களுக்கு?... இன்னும் தண்ணியிலதான் இருக்குதுங்களா? சத்தியமா?... அப்ப முதல் டம்ளரே இவனுக்குத்தான். கர்ட், இதுல பிராந்தி ஊத்தினது யாரு? நீதானே? உன் புத்தி எங்க மேயப் போச்சு!”

அவள் கணவன் கர்ட் அவளுடைய ஏப்ரனைக் காட்டினான். முன்பையில் பிராந்தி பாட்டிலின் கழுத்து நீட்டிக்கொண்டிருந்தது. அதற்கு மூடி இல்லை.

அந்த வீட்டில் விருந்துக்கு ஜாடியை நிரப்புவது அவள் வேலை. நாலு பாட்டில் ரூட் பியர், அப்புறம் நாலு எண்ணும்வரை பிராந்தி. பதினெட்டு வருடமாக அவள் கை அப்படியே செய்து பழகியிருந்தது. இரண்டாவது ஜாடி இந்த வருடம்தான் வந்தது. கைக்கு அது தெரியவில்லை.

“வெண்டல்... இருக்கியா?... நான்தான்டா. வேற யாரும் இல்ல, நான்தான் ஊத்தினேன்... பரவால்லன்னு சொல்லாதே! சொன்னே, செருப்பு பிஞ்சிடும்! பரவால்லயாம்... என்னைத் திட்டுடா. இவ்வளவு நேரம் நான் உன்னை என்னவெல்லாம் சொன்னேன்? திருப்பிச் சொல்லேன்!”

“சரி. இப்ப எங்க நிக்கிறே?... கூட்டு ரோட்டுலயா?... பார் வாசல்லயா?... உள்ள போனியா?... போகல. சரி, சரி. இன்ஜின் ஓடுதா?... அணைச்சிட்டியா? ஏன்டா அணைச்சே?”

கரையில் இருந்தவர்கள் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டு ஏரியைப் பார்ப்பதுபோல நின்றார்கள். அவள் முதுகைத் திருப்பிக்கொண்டாள்.

“எப்படியும் போயிடுச்சா? எது போயிடுச்சு?... குடிக்காம இருந்த இருநூத்திப் பதினஞ்சு நாளும் ஒரு மடக்குல போயிடுச்சா? யார் சொன்னா?... நீ சொல்றியா! கேளுடா. நீ தேடிப் போய்க் குடிக்கல. நான் குடுத்தேன். வாயில வெச்சே, தெரிஞ்சுது, கீழ வெச்சிட்டே. மீதி அப்படியே என் கையில இருக்கு. இத்தனை வருஷத்துல நீ டம்ளர்ல மீதி வெச்சு நான் பார்த்திருக்கேனா? ஒரே ஒரு தடவை சொல்லு பார்ப்போம்!... சொல்ல முடியாது. ஏன்னா கிடையாது.”

“பிரிட்டாவோட அம்மாகிட்ட நானே பேசுறேன். இன்னிக்கே. நான் ஊத்தினேன், அவன் கீழ வெச்சான்னு சொல்றேன்... திட்டட்டுமே. என்னைத்தானே திட்டுவா, வாங்கிக்கிறேன்... இல்ல, மறைக்க மாட்டேன். நீயும் மறைக்காதே.”

படித்துறையில் ஈரக் காலடிச் சத்தம் கேட்டது.

“வெண்டல், பிரிட்டா மேல வர்றா. துண்டைப் போர்த்திட்டு வர்றா. அடுப்பு பக்கம்தான் பார்க்கிறா... ஐஸ் வாங்கப் போனேன்னா? பொய்யெல்லாம் சொல்ல மாட்டேன் நான். ‘அப்பா வந்துட்டு இருக்கார்’னு சொல்லட்டுமா? அது பொய்யா நிஜமான்னு நீதான்டா சொல்லணும். சீக்கிரம். பக்கத்துல வந்துட்டா.”

போனில் இன்ஜின் இருமி உயிர் பெற்றது. அதற்குப் பிறகு, டிக், டிக் என்று வண்டி திரும்புகிற விளக்கின் சத்தம்.

“எந்தப் பக்கம்டா போட்டிருக்கே?... இடதா? ஏரிப் பக்கமா?... ஆமா. ஆமா, ஆமா... பிரிட்டா, அப்பா வந்துட்டு இருக்காரு, போய்த் தலையைத் துவட்டு... டேய், போனை வெச்சிட்டு ஓட்டு! ஒத்தைக் கையில வளைக்காதே, முட்டாள்!... என்ன சாசேஜ்? எல்லாம் கரிதான். வந்து நீதான் தின்னு தீர்க்கணும், ஒண்ணு விடாம! வெச்சித் தொலைடா!”

வைத்துவிட்டான்.