பாலத்துக்குக் கீழே மீன் நிற்காது

வோபர்ன் நிறுத்தத்தில் ஏறிய பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இருவர் இருந்தார்கள். ஒருவருக்கு அறுபதைத் தாண்டியிருக்கும்; முழங்காலில் கட்டு, கையில் ஊன்றுகோல். மற்றவர் பத்து வயது இளையவர். திடீரென்று அவர்தான் சொன்னார்:

"அண்ணை, மீன் நிக்காது எண்டு தெரிஞ்சுதான் உங்களைப் பாலத்துக்குக் கீழ தூண்டில் போட விட்டனான்."

"ரெண்டு வருசமுமோ?"

"ஓம். ஸ்டீல்ஹெட் மீன் அதால ஆத்தில ஏறிப் போகுமே தவிர, நிக்காது. ஆத்தில இன்னும் மேல, விழுந்து கிடக்கிற மரத்துக்குப் பின்னால தண்ணி மெதுவாகுது. அங்கதான் நிக்கும். மழை விட்டு ரெண்டாம் நாள், தண்ணி தெளியேக்க, மீன்முட்டையைத் தூண்டிலில குத்தி, மிதவை போட்டு, அடியோட ஓடவிட்டால் கொத்தும்."

"எனக்குக் கைராசி இல்லையெண்டெல்லோ நினைச்சன். வீட்டிலயும் சிரிச்சவை."

"இடத்தைச் சொன்னால் ஆக்கள் கூடிப்போவினம் எண்டு பயந்தனான். பிழைதான் அண்ணை."

பெரியவர் கோபப்படவில்லை. கட்டுப் போட்ட முழங்காலைத் தடவிக்கொண்டு கேட்டார்:

"டொக்டர் இனித் தண்ணிக்குள்ள இறங்கக் கூடாதெண்டு சொல்லிப்போட்டார். அந்த மரத்தடிக்குக் கரையில நிண்டு எறியலாமோ?"

இளையவர் அந்த முழங்காலைப் பார்த்தார்.

"ஏலாது அண்ணை. இடுப்பளவு தண்ணியில நிக்கவேணும்."