கரையில் நிற்பவர்களின் பால்

பலாக்காயைக் காட்டுப்பன்றி ஆக்க மிளகும் நெய்யும் போதும், புகையெல்லாம் தேவையில்லை. சின்மயி சமையலறை வாசலில் நின்று, வெளிநாட்டு வேலைக்கு மனுப் போட்டிருப்பதாகச் சொன்னபோது நான் மனசுக்குள் இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். வாயால் சொன்னது, "ரொம்ப சந்தோஷம் கண்ணா" என்று.

காட்டுப்பன்றி விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எங்களைத் தவறாக நினைத்துவிடுவீர்கள். நாங்கள் முட்டைகூடத் தொடாதவர்கள். பீர்க்கன்கரணை ஏரிக்கு அந்தப் பக்கம் வீடு. என் கணவர் யக்ஞநாராயணன் ரயில்வேயில் கணக்குப் பிரிவு. சின்மயி எங்களுக்கு ஒரே பெண், சாப்ட்வேர் வேலை. அவளுக்குத் தலையணை கனத்தில் வரும் ஒரு நாவல் வரிசைமேல் பைத்தியம். வாளும் கோட்டையுமாக, எந்த வரைபடத்திலும் இல்லாத ஒரு துறைமுக ராஜ்யத்தின் கதை. அதில் சண்டையைவிடச் சாப்பாடு அதிகம். யாரை யார் வெட்டுவதாக இருந்தாலும் முதலில் உட்கார்ந்து நன்றாகச் சாப்பிட்டுவிடுவார்கள்.

காலேஜ் போக ஆரம்பித்ததிலிருந்தே அவளுக்கு என்னோடு பேச்சு குறைந்துபோயிருந்தது. சாப்பிட்டியா, சாப்பிட்டேன், என் சார்ஜர் எங்கே. அவ்வளவுதான். லாக்டவுன் சமயத்தில் ஒரு நாள் புத்தகத்தை விரித்தபடியே வந்து, "அம்மா, இதப் பண்ண முடியுமா பாரேன்" என்றாள். பார்லியும் வெங்காயமும் போட்ட ஒரு கூழ். கோட்டைக் காவலர்கள் குடிப்பது. செய்தேன். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். "அதேதான்மா" என்றாள். இல்லாத நாட்டுக் கூழ் எப்படி இருக்கும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்துவிட்டது.

அதற்கப்புறம் வாரத்துக்கு ஒரு விருந்து. பார்லிக்கும் ஜாதிபத்திரிக்கும் தாம்பரம் மார்க்கெட்டில் நாட்டு மருந்துக் கடை. பேக்கரியில் நேற்றைய ரொட்டியைக் கேட்டு வாங்கினால் கடைக்காரருக்குச் சந்தேகம் வரும். அதைக் குடைந்து, தட்டுக்குப் பதில் அதிலேயே குழம்பை ஊற்றிப் பரிமாறினோம். குக்கரில் உப்பைக் கொட்டிச் சூடாக்கி, உள்ளே பலாக்காய் அடைத்த மாவுக் கூட்டை வேகவைத்தேன். பாத்திரம் தேய்க்க வரும் பச்சையம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாமா இது, நல்ல காயப் போயி மாவுல பொதச்சி சமாதி கட்டிகினு கீறே" என்றாள். என் கணவர் ஆபீஸிலிருந்து வந்ததும், "இன்னிக்கு மகாராஜா என்ன சாப்பிடறார்? எனக்கு ரசம் உண்டா, இல்ல நாடு கடத்திட்டேளா?" என்பார். சின்மயி சிரித்தபடி என் தோளில் சாய்வாள். என் கல்யாணத்துக்குப் பிறகு என்னைப் புதிதாக ஒரு இடத்துக்கு யாராவது கூட்டிக்கொண்டு போனார்கள் என்றால், அது அவள்தான்.

அந்தப் புத்தகத்தில் ஒரு பால் வருகிறது. கப்பல் புறப்படும் அன்று, கரையில் நிற்கிற பெண்கள் குடிப்பது. தேன், குங்குமப்பூ, ஜாதிக்காய். குடித்தால் கடல் சத்தம் கேட்காமல் தூங்கலாமாம். சின்மயி படித்துக் காட்டியபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஜாதிக்காயை இவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டுமா? கைக்குழந்தையாக இருந்தபோது அவளுக்கு உரைகல்லில் லேசாக உரசி, பாலில் குழைத்து, நாக்கில் தடவித்தான் தூங்கவைத்தேன். ஊரில் எல்லாத் தாய்மார்களும் செய்வதுதான்.

எடின்பரோ கம்பெனியின் வீடியோ இன்டர்வியூவுக்கு முதல் நாள் அவளுக்குத் தூக்கம் வரவில்லை. கேட்டது அவள்தான். "அந்தப் பாலப் பண்ணித் தாயேன்மா." வளர்ந்த பெண்ணாயிற்றே என்று கொஞ்சம் கூடவே உரசினேன். காலையில் நாக்கு உலர்ந்து, நெஞ்சு படபடத்து, எழுந்து நிற்க முடியவில்லை. இன்டர்வியூ போயிற்று. பாத்திரத்தில் மிஞ்சியதை நான் குடித்திருந்தேன். எனக்கும் அதேபோல்தான் இருந்தது. அதனால் காரணம் எனக்கு அன்றைக்கே தெரியும். ஆனால் முதல் தடவை தெரியாமல் நடந்தது. அதை என் பெயரில் எழுத வேண்டாம்.

நல்ல கம்பெனி. மறுபடி கூப்பிட்டுப் பேசினார்கள், வேலையும் கொடுத்தார்கள். "அங்க நெஜமாவே மலை மேல கோட்டை இருக்கும்மா" என்று குதித்தாள். நானும் கூகுளில் பார்த்தேன். அழகான ஊர்தான். அங்கே அவளுக்குச் சமைக்க யார் இருக்கிறார்கள் என்று மட்டும் தோன்றியது.

விசாவுக்குப் போக வேண்டிய நாளுக்கு முன்னால் பால் வேண்டுமா என்று கேட்டது நான். அன்று உரசும்போது எவ்வளவு உரசுகிறோம் என்று எனக்குத் தெரியும். புத்தகத்தில் அதைக் குடிப்பவர்கள் கரையில் நிற்பவர்கள், கப்பலில் போகிறவர்கள் இல்லை. அதை நான் கொஞ்சம் மாற்றிக்கொண்டேன். வீட்டுச் சமையல் என்றால் மாற்றித்தான் ஆக வேண்டும். பன்றிக்குப் பலாக்காய் போடவில்லையா?

வேறு தேதி வாங்கி விசா எடுத்தாள். விமானத்துக்குக் கிளம்பிய அன்று கார் பல்லாவரம் தாண்டுவதற்குள் வாந்தி, நடுக்கம். "அம்மா, நான் சாகப்போறேன்னு தோணுது" என்று என் மடியில் விழுந்தாள். என் கணவர் முன் சீட்டிலிருந்து திரும்பிப் பார்த்தார். கண்ணில் தண்ணீர். நான்தான் டிரைவரிடம் வண்டியைத் திருப்பச் சொன்னேன். அந்த நேரத்தில் நிதானமாக இருந்தது நான் ஒருத்திதான்.

ஈசிஜி, ஸ்கேன், தைராய்டு, எல்லாம் எடுத்தோம். எதுவும் இல்லை. டாக்டர் எங்களைத் தனியாகக் கூப்பிட்டு, "உடம்புல ஒரு குறையும் இல்ல. அவங்க மனசு போறதுக்குப் பயப்படுது" என்றார். கவனியுங்கள், அந்த வார்த்தையை நான் சொல்லவில்லை. படித்தவர் சொன்னார். அவள் எதை எதைச் சாப்பிடுகிறாள் என்று அவர் கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். கேட்கவில்லை. மாத்திரை எழுதினார்.

சின்மயி அதை நம்பினாள். எடின்பரோவுக்கு அவளே வர முடியாது என்று எழுதிப்போட்டாள். தனக்குள் ஏதோ ஒன்று உடைந்திருக்கிறது என்று அவளுக்குத் தீர்மானமாகிவிட்டது. தாம்பரம் ஸ்டேஷனுக்குத் தனியாகப் போக மாட்டாள். ஜி.எஸ்.டி. ரோட்டைத் தாண்டும்போது என் விரலைப் பிடித்துக்கொள்வாள், ஒன்றாம் வகுப்பில் பிடித்த மாதிரியே. வேலை வீட்டிலிருந்தே. எனக்கு அது சந்தோஷமாக இல்லை என்று சொன்னால் பொய்யாகிவிடும். அந்த நாட்களில்தான் எங்கள் சமையல் உச்சத்துக்குப் போனது. மாதுளைச் சாற்றில் ஊறவைத்த பேரிக்காய், பாதாம்பாலில் ஒரு வெள்ளைக் கூட்டு. அவள் கொஞ்சம் தெம்பாகி, ஆபீஸுக்குப் போய்வரட்டுமா என்று கேட்கிற வாரங்களில் பாலும் செய்தேன்.

போன வாரம் அவள் சிநேகிதி ஸ்நேகா வந்தாள். கூடுவாஞ்சேரியில் புது ஃப்ளாட், தனியாக இருக்கிறாள். "ஆன்ட்டி, இவள நான் கடத்திண்டு போறேன். போலீஸ்ல சொல்லக்கூடாது. பதிலுக்கு ஒரு டப்பா பலாக்காய்ப் பன்னி வேணும்" என்றாள். டப்பா கட்டிக் கொடுத்தேன். மாத்திரையும் கொடுத்தேன். வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரு காரணமும் அகப்படவில்லை.

இன்று காலை சின்மயி திரும்பி வந்தாள். மின்சார ரயிலில், தனியாக. முகத்தில் நிறம் ஏறியிருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு நேராக என்னிடம் வந்தாள்.

"ஸ்நேகா ஒன்னு கேட்டாம்மா. உங்க வீட்ல ஆன்ட்டி உனக்கு என்னதான்டி குடுக்கறாங்க, அங்க பொணம் மாதிரி கெடக்கற, இங்க வந்து என் ஃப்ரிட்ஜையே காலி பண்றன்னா. வெளையாட்டாதான் கேட்டா."

நான் பயத்தம்பருப்பைக் களைந்துகொண்டிருந்தேன்.

"அப்பறம் நான் படிச்சுப் பார்த்தேன். ஜாதிக்காய் அதிகமானா என்ன ஆகும்னு." அவள் குரல் நடுங்கவில்லை. "அம்மா, இங்க பாரு. நான் சண்டை போட வரல. அப்பாகிட்ட சொல்ல மாட்டேன். எடின்பரோலேர்ந்து மறுபடி மெயில் வந்திருக்கு. இன்னிக்குள்ள பதில் சொல்லணும். எனக்குப் போகணும். ஆனா நடு வானத்துல அது மறுபடி வந்தா என்ன பண்றதுன்னு பயமா இருக்கு. நெட்ல படிச்சத வெச்சு என்னால நம்ப முடியல. நீ சொன்னா நம்புவேன். உனக்கு ஒன்னும் இல்லடி, அது நான்தான்னு சொல்லு. ஒரு வார்த்தை. போதும்."

ஆமாம், நான்தான். முதல் தடவையைத் தவிர எல்லாமே தெரிந்து செய்தது. உங்களிடம் சொல்வதில் எனக்குத் தயக்கம் இல்லை. நீங்கள் எங்கேயும் கிளம்பவில்லை.

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். இவ்வளவு பக்கத்தில் வந்து, இவ்வளவு நேரம் அவள் என்னைப் பார்த்து வருஷக்கணக்காகிறது. நான் நன்றாகவே யோசித்தேன். நான் சொல்லி, இவள் அதை நம்பிப் போய், அங்கே பனியில் தனியாக இருக்கும்போது நிஜமாகவே பயம் வந்துவிட்டால்? அது இல்லவே இல்லை என்று யாரால் சொல்ல முடியும்? டாக்டரே இருக்கிறது என்கிறார். பொறுப்புள்ள எந்தத் தாயும் அப்படி ஒரு உறுதியை வாய் கூசாமல் கொடுக்க மாட்டாள்.

ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அவள் கன்னத்தைத் தொட்டேன்.

"அத நான் எப்படிக் கண்ணா சொல்ல முடியும்?" என்றேன். "எனக்கு உன்கிட்ட பொய் சொல்ல வராதே."